நெல்லையில் பனிக்கால ஒயின் விருந்து: வாங்குவது முதல் ஊற்றுவது வரை

மார்கழி, தை மாதங்களில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி, நான்கைந்து வகை ஒயினை நம்மூர்ச் சாப்பாட்டோடு சேர்த்து ருசி பார்க்க நினைக்கிறீர்கள். புத்தகத்திலும் காணொளியிலும் கிடைக்கும் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் முதல் விருந்தே சப்பென்று போய்விடும். அவை குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் தங்கள் சமையலுக்கும் எழுதிக்கொண்டவை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பார்கள். அவர்கள் அறை 17 டிகிரி. திருநெல்வேலியில் மார்கழி மத்தியானத்திலும் வெயில் 29, 30 டிகிரியைத் தொடும், விடியற்காலைப் பனியில்கூட 22 டிகிரி இருக்கும். கறிக்குக் கனமான சிவப்பு ஒயின் என்பார்கள். அவர்கள் கறியில் மிளகாய் கிடையாது.

ஆக இங்கே ஒயினைக் கெடுப்பவை இரண்டு: சூடு, காரம். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சமாளிப்பதற்கானவைதான். மீதி, கடையிலும் சாலையிலும் சிக்கல் வராமல் இருப்பதற்கு.

1. நாளையும் ஆட்களையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பாட்டில் வாங்குவதற்கு முன்பே தேதியைக் குறித்துவிடுங்கள். மார்கழியில் மாலை போட்டவர்களும் விரதம் இருப்பவர்களும் நண்பர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை, அல்லது பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை வசதி. மாலை போட்டவர்களில் பலர் அதற்குள் மலைக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சந்தையில் நிறைய இருக்கும்.

டாஸ்மாக் கடைகள் மூடியிருக்கும் நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று வரும் திருவள்ளுவர் தினம், தைப்பூசத்தை ஒட்டிய வடலூர் இராமலிங்கர் நினைவு நாள், ஜனவரி 26 ஆகிய மூன்றும் இந்தப் பருவத்திலேயே வருகின்றன. கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. விருந்தன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நாலு நாள் முன்பே பாட்டில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏன் என்பது 5ஆம் படியில் வரும்.

ஆட்கள் ஆறு முதல் எட்டு. பத்துக்கு மேல் போனால் ஒரு பாட்டில் ஒரு சுற்றுக்குப் போதாது, பேச்சும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். 21 வயது நிறையாதவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் சிக்கல் உள்ளவர்கள், சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒயினைத் தொடக்கூடாது. இவர்களுக்கும் விரதக்காரர்களுக்கும் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்த சாறும் நன்னாரி சர்பத்தும் அதே கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள். ஒருவர் கையில் மட்டும் எவர்சில்வர் டம்ளர் இருந்தால் அவர் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்.

பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் அவர்களுடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் விருந்தில் சமையலும் நன்றாக வராது.

2. கையில் இருக்க வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமுகமாக இருப்பவர் போனால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். ரசீதைக் கேட்டு வாங்கி, விருந்து முடியும்வரை பாட்டில்களோடு வையுங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் 10 ரூபாய் தவிர, பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் எல்லைதான். கேரளத்தில் நல்ல ஒயின் கிடைக்கிறது என்று புளியரை வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ கொண்டுவருவது, பாண்டிச்சேரிக்குப் போன நண்பரிடம் சொல்லிவிடுவது இரண்டும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பிற மாநிலச் சரக்கோடு பிடிபட்டால் பாட்டில் மட்டுமல்ல, வண்டியும் போகும். ஒருவர் கைவசம் வைத்துக்கொள்ளும் அளவுக்கும் விதியில் வரம்பு இருக்கிறது. ஐந்தாறு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். அதற்குள் 750 மி.லி. பாட்டில் இரண்டுதான் அடங்கும். அதற்கும் கடை ரசீதை வைத்திருங்கள்.

செலவைப் பங்கு போடுவது பற்றி ஒரு வார்த்தை. நண்பர்கள் சேர்ந்து வாங்கி வீட்டில் குடிப்பது வேறு, தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வைத்து ஊற்றுவது வேறு. பின்னது விற்பனை, உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது. ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பாட்டில், ஒருவர் கறி, ஒருவர் மீன், ஒருவர் இனிப்பு. மண்டபம், தோப்பு, அணைக்கட்டு, ஆற்றங்கரை எதுவும் வேண்டாம். வீடுதான் சரி. குற்றாலமோ பாபநாசமோ போய்த் திறந்த வெளியில் பாட்டில் திறந்தால் வழக்கு வரும், உடைந்த கண்ணாடி நாளைக்குக் குளிக்க வருபவர் காலில் ஏறும்.

3. எத்தனை பாட்டில், என்ன வகை, என்ன செலவு

கணக்கு எளிது. ஒரு பாட்டில் 750 மி.லி. ருசி பார்க்க ஒரு ஊற்று 60 மி.லி. எட்டுப் பேருக்கு 480 மி.லி. போக 270 மி.லி. மிஞ்சும், பிடித்தவர்களுக்கு இன்னொரு வாய். எனவே எட்டுப் பேருக்கு வகைக்கு ஒரு பாட்டில் போதும். நான்கு வகை நன்று, ஐந்து உச்சம். ஆறாவது பாட்டில் திறக்கும்போது யார் நாக்கிலும் கவனம் இருக்காது.

நான்கு ஊற்று என்பது ஆளுக்கு 240 மி.லி. அதில் 12.5 சதவீதம் ஆல்கஹால் என்றால் 30 மி.லி. தூய ஆல்கஹால். குறைவாகத் தோன்றும். வண்டி ஓட்ட இது கூடாத அளவு.

செலவைப் பாட்டில் விலையாகப் பார்க்காமல் ஊற்று விலையாகப் பாருங்கள். விலையை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஓர் ஊற்றின் விலை. 1,200 ரூபாய் பாட்டில் என்றால் ஒரு வாய்க்கு 100 ரூபாய். நம் காரமான மேசைக்கு இறக்குமதிப் பாட்டில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, அதன் விலையில் பெரும்பகுதி வரி. நாசிக், சோலாப்பூர் பக்கத்து அக்லூஜ், பெங்களூருக்கு அருகே நந்தி மலை ஆகிய இடங்களில் விளையும் திராட்சையின் ஒயினே போதும். பல சமயம் அதுதான் நம் சாப்பாட்டுக்குப் பொருந்தவும் செய்யும்.

முதல் விருந்துக்கு இந்த நான்கையும் வாங்குங்கள்:

நுரைக்கும் ஒயின் ஒன்று. லேபிளில் ‘புரூட்’ என்றிருந்தால் இனிப்பு மிகக் குறைவு என்று பொருள்.

செனின் பிளாங்க் வெள்ளை ஒன்று. இந்தியாவில் இதைக் கொஞ்சம் இனிப்பு தங்கும்படிதான் பெரும்பாலும் செய்கிறார்கள். நம் காரத்துக்கு இதைவிட நல்ல தோழன் கிடைப்பது அரிது.

ரோஸே ஒன்று. ஜின்ஃபண்டெல் திராட்சையில் செய்த இளஞ்சிவப்பு ஒயின் எளிதில் கிடைக்கும்.

ஷிராஸ் சிவப்பு ஒன்று. கனமான காபர்நே சோவின்யோனை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் துவர்ப்பு மிளகாயோடு சண்டை போடும்.

கை நீண்டால் ஐந்தாவதாக, ‘லேட் ஹார்வெஸ்ட்’ என்று எழுதிய இனிப்பு வெள்ளை. திராட்சையைக் கொடியிலேயே அதிக நாள் பழுக்கவிட்டுச் செய்வது. அல்வாவுக்கு இது இல்லாமல் வேறு எதுவும் நிற்காது. பாதி அளவுப் பாட்டிலில் வந்தாலும் போதும், ஆளுக்கு 40 மி.லி.க்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

4. கடையில் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எல்லாக் கடையையும் ஒயின்ஷாப் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் சாதாரணக் கடையில் பெரும்பாலும் இருப்பது ‘போர்ட்’ என்று எழுதிய இனிப்புச் சிவப்பு மட்டும்தான். போர்ச்சுகலின் போர்ட் வேறு, இது வேறு. விலை குறைவு, இனிப்பு தூக்கல். கடலை மிட்டாயோடு ருசிக்கும், சோற்றோடு ஆகாது. வகை வேண்டுமென்றால் டாஸ்மாக்கின் எலைட் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சரக்கு நாளுக்கு நாள் மாறும் என்பதால், கேட்கும் வகை இல்லையென்றால் எதை எடுப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். செனின் பிளாங்க் இல்லையென்றால் ரீஸ்லிங், ஷிராஸ் இல்லையென்றால் மெர்லோ.

நம்மூரில் பாட்டில் கெடுவது பழமையால் அல்ல, சூட்டால். லாரியிலும் கிடங்கிலும் வெந்த ஒயின், ஜாம் காய்ச்சிய வாசனையோடு தட்டையாக இருக்கும். வாங்கும்முன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். கார்க் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா? மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்புக் கசிவு இருக்கிறதா? ஒயின் மட்டம் பக்கத்துப் பாட்டிலைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா? வெள்ளை ஒயின் டீத்தண்ணி நிறத்துக்குப் போய்விட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் திருப்பி வைத்துவிடுங்கள். ஐந்தாவது, வருடம். லேபிளில் உள்ளது திராட்சை அறுத்த வருடம். வெள்ளையும் ரோஸேயும் அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும், சிவப்பு மூன்று நான்கு வரை பரவாயில்லை. ‘ஒயின் பழசாக ஆக ருசி’ என்பது உலகில் மிகச் சில ஒயின்களுக்கு மட்டும் உண்மை. நாம் வாங்கும் விலையில் உள்ளவை புதிதாகக் குடிக்கவே செய்யப்பட்டவை.

திருகுமூடிப் பாட்டிலை மட்டமானது என்று ஒதுக்காதீர்கள். நம் வெக்கைக்குக் கார்க்கைவிட அது பத்திரம். பாட்டிலின் அடியில் கல்கண்டுத் தூள்போல் படிந்திருந்தால் அது திராட்சையின் சொந்தப் புளிப்பு உறைந்தது, தீங்கில்லை.

5. வீட்டில் வைப்பதும் குளிர வைப்பதும்

வாங்கியவுடன் நேராக வீட்டுக்கு வாருங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஜங்ஷனில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால், அந்தப் பெட்டிக்குள் ஏறும் சூட்டில் ஒயின் வெந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரும் அப்படியே. வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில், நான்கு நாளைக்கு நல்ல இடம். கார்க் பாட்டிலைப் படுக்க வையுங்கள், நுரை ஒயினை நிறுத்தி வையுங்கள். சமையல் மேடையும் ஃபிரிட்ஜின் தலையும் கூடவே கூடாது.

நாலு நாள் முன்பே வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பயணத்தில் குலுங்கிய ஒயின் அடங்கும், கெட்ட பாட்டில் என்று தெரிந்தால் மாற்று வாங்க நாள் இருக்கும், கடைசி நேரத்தில் ஃப்ரீஸரில் திணிக்க வேண்டி வராது. ஃப்ரீஸரில் மறந்துவிட்ட பாட்டில் கார்க்கைத் தள்ளும். நுரை ஒயின் என்றால் வெடிக்கவும் செய்யும்.

எது எந்தக் குளிர்ச்சியில் வாய்க்கு வர வேண்டும் என்றால்: நுரை ஒயினும் இனிப்பு ஒயினும் 6 முதல் 8 டிகிரி, வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 12, சிவப்பு 15 முதல் 18. சிவப்பை 28 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை பின்னால் ஒளிந்துகொள்ளும், தொண்டை எரியும். ‘சிவப்பு ஒயின் எனக்குப் பிடிக்காது’ என்று சொல்லும் பலருக்குப் பிடிக்காதது இந்தச் சூடுதான்.

29 டிகிரியில் வெளியே இருந்த பாட்டிலுக்கு ஃபிரிட்ஜில் தேவைப்படும் நேரம் தோராயமாக: சிவப்புக்கு ஒன்றரை மணி, வெள்ளைக்கு மூன்றரை மணி. ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்த சிவப்பை விருந்துக்கு 45 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்.

மின்சாரம் போய்விட்டதா, நேரமாகிவிட்டதா? ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலின் கழுத்து வரை முங்கட்டும். வெள்ளைக்கு 20 முதல் 25 நிமிடம், சிவப்புக்கு 10 நிமிடம் போதும். வெறும் ஐஸைக் கொட்டி அதில் பாட்டிலைச் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஐஸ் கட்டிகளுக்கு இடையே இருப்பது காற்று, அது குளிர்ச்சியைக் கடத்தாது. தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்கும். மீன் மார்க்கெட் ஐஸ் வேண்டாம். பாட்டிலைத்தானே முக்குகிறோம் என்று தோன்றும், ஆனால் வாசனை பாட்டிலிலும் கையிலும் ஒட்டி மேசைக்கு வந்துவிடும்.

6. மற்ற சாமான்கள்

கார்க் திருகி ஒன்று முன்கூட்டியே வாங்குங்கள், பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மடக்குக் கத்திபோல் இருந்து, பாட்டில் விளிம்பில் ஊன்றி நெம்பும் இரண்டு படி வகை போதும். திருகாணியைக் கார்க்கின் நடுவில் நேராக இறக்கி, ஒரு சுற்று மட்டும் மேலே தெரியும்படி நிறுத்தி நெம்புங்கள். பாதியில் ஒடிந்தால் சாய்வாக மறுபடி திருகுங்கள். தூள் விழுந்தால் புது டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம். பழைய வடிகட்டியில் டீ வாசம் போகவே போகாது.

நுரை ஒயினுக்குத் திருகி கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப் போல் ஐந்தாறு மடங்கு. கம்பிக் கூட்டை ஆறு அரைத் திருகில் தளர்த்தும்போதே கட்டை விரல் கார்க்கின்மேல் இருக்க வேண்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தத்தோடு திறந்தால் சரி. பீச்சியடித்தால் குளிர்ச்சி போதவில்லை என்று அர்த்தம்.

கிளாஸ் ஆளுக்கு இரண்டு. அடி அகன்று வாய் குறுகியது எதுவானாலும் சரி. அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் பெருங்காயமும் மசாலாவும் ஏறியிருக்கும். காலையிலேயே வெந்நீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். பாத்திரப் பொடி வாசம் கொஞ்சம் இருந்தாலும் நுரை ஒயினின் நுரை நிற்காது.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி வேண்டாம். மல்லிகைப்பூ மேசையிலும் வேண்டாம், கூந்தலிலும் அன்றைக்கு ஒரு மாலை மட்டும் வேண்டாமே. வாசனைத் திரவியமும் அப்படித்தான். ஒயினின் ருசியில் பெரும்பகுதி மூக்கு வழியாக வருவது.

இடையில் வாயைச் சுத்தம் செய்யப் பொரியும் வெறும் இட்லித் துண்டும் தண்ணீரும். மோர் காரத்தை அடக்கும், ஆனால் நாக்கில் படலமாகப் படியும். அடுத்த ஒயின் தெரியாது. விருந்து முடிந்த பிறகு மோர். ருசி பார்த்த ஒயினை விழுங்க வேண்டாம் என்பவர்கள் துப்புவதற்கு ஆளுக்கு ஒரு டம்ளர் வையுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள், வீட்டுக்காரர் முதலில் துப்பிக் காட்டினால் சரியாகிவிடும்.

7. சமையலும் இணையும்

முதலில் காரணம். மிளகாயின் எரிச்சலை நாக்கு உண்மையான சூடாகவே உணர்கிறது, ஆல்கஹால் அந்த உணர்வை இன்னும் தூண்டிவிடும். 14 சதவீத ஒயினோடு காரக்கறி சாப்பிட்டால் கறியின் காரம் கூடிப்போனதுபோல் இருக்கும். துவர்ப்பான சிவப்பு அதன்மேல் கசப்பைச் சேர்க்கும். இனிப்பும் குளிர்ச்சியும் காரத்தைத் தணிக்கும். இதிலிருந்து விதி தானாக வருகிறது: காரம் கூடக் கூட, ஒயினில் இனிப்பும் குளிர்ச்சியும் கூட வேண்டும், ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைய வேண்டும்.

சமையல்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வற்றல் மிளகாயைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை மிளகாலும் சீரகத்தாலும் தேங்காயாலும் நிரப்புவது. மிளகு ஒயினுக்கு விரோதியல்ல. ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனையும் மிளகின் வாசனையும் ரொட்டண்டோன் என்ற ஒரே பொருளால் வருபவை. மிளகுக்கறியும் ஷிராஸும் வாயில் சேரும்போது யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பனங்கிழங்கு, நுரை ஒயின். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுத்தண்டையும் நாரையும் உரித்து, விரல் நீளத்துக்கு ஒடித்து வையுங்கள். மாவுத்தன்மையும் இலேசான கசப்பும் உள்ள கிழங்கை நுரையின் புளிப்பு கழுவிவிடும். மிளகுத்தூள் ஒரு சிட்டிகை போதும். விருந்தைத் தொடங்க இதைவிட எளிதான தட்டு இல்லை.

சீலா மீன் வறுவல், நுரை ஒயின் அல்லது ரோஸே. மிளகாய்த்தூளைக் குறைத்து, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு, மொறுமொறுவென்று. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் சேரும். மீனுக்குச் சிவப்பு ஒயின் ஊற்றாதீர்கள். சிவப்பில் உள்ள இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் பழைய மீன் வாடையைக் கிளப்பும். புதிதாகப் பிடித்த மீனுக்கும் அந்தக் கெட்ட பெயர் வந்துவிடும். கருவாட்டுக்கு எந்த ஒயினும் வேண்டாம், அது தனி உலகம்.

சொதி, செனின் பிளாங்க். இதுதான் விருந்தின் நடுநாயகம் என்பேன். பாசிப்பருப்பு, முதல் தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சை. தேங்காய்ப்பாலின் இனிப்புக்கு ஒயினின் இனிப்பும், எலுமிச்சைக்கு ஒயினின் புளிப்பும் ஜோடி. பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, பரிமாறும்முன் எடுத்துவிடுங்கள். வாசம் தங்கும், காரம் இறங்காது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் நெல்லை வழக்கம், அதை விடவும் முடியாது. அதில் புளியைக் குறைத்துக் கருப்பட்டியை ஒரு நெல்லிக்காய் அளவு கூட்டுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸின் உப்பு ஒயினை இன்னும் பழச்சுவையாகக் காட்டும். சொதியை வெதுவெதுப்பாகப் பரிமாறுங்கள், கொதிக்கக் கொதிக்க வந்தால் குளிர்ந்த ஒயின் வாயில் தண்ணீராகிவிடும்.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ரோஸே. கறி சாப்பிடாதவர்களுக்கு இது முழுச் சாப்பாடு. எள்ளின் கசப்போடு துவர்ப்புச் சிவப்பு சேர்ந்தால் கசப்பு இரட்டிக்கும், ரோஸே அப்படிச் செய்யாது. கூடவே சிறுகிழங்குப் பொரியல், தேங்காய் தூக்கலாக. சிறுகிழங்கின் மண்வாசம் இலேசாகக் குளிர்ந்த சிவப்போடும் நன்றாக இருக்கும், இரண்டையும் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிளகு ஆட்டுக்கறி, ஷிராஸ். கொழுப்புள்ள துண்டு வேண்டும். துவர்ப்பு கொழுப்போடு கட்டிக்கொள்ளும், நாக்கு வறளாது. தொடைக்கறி மட்டும் போட்டுச் சுண்ட வைத்தால் ஒயின் கரடுமுரடாகத் தெரியும். எட்டுப் பேருக்கு ஒன்றேகால் கிலோ கறி, மிளகு மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் கால் கிலோ, வற்றல் மிளகாய் நான்கைத் தாண்ட வேண்டாம். தக்காளியைக் குறையுங்கள், புளிப்பு கூடினால் ஒயின் சப்பென்றாகும்.

புளி பற்றியும் அதேதான். ஒயினின் புளிப்பைவிடச் சாப்பாட்டின் புளிப்பு ஏறிவிட்டால் ஒயின் செத்துவிடும். புளிமிளகாய், புளிக்குழம்பு, ஊறுகாய் மூன்றையும் அன்றைக்கு அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள். பரோட்டா சால்னா ஆசை இருந்தால் சால்னாவுக்கு மீதி செனின் பிளாங்க்.

இனிப்பு. ஒயின் எப்போதும் தட்டில் உள்ள இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒயின் புளித்துத் தெரியும். திருநெல்வேலி அல்வாவுக்கு லேட் ஹார்வெஸ்ட், நன்றாகக் குளிரவைத்து. அல்வாத் துண்டு பெருவிரல் நுனி அளவு போதும், சூடாக வேண்டாம், நெய் நாக்கை மூடிவிடும். தூத்துக்குடி மக்ரூனுக்கும் அதே ஒயின், அல்வாவைவிட மக்ரூனே நன்றாகச் சேர்கிறது என்பது என் தீர்ப்பு. முந்திரியும் முட்டை வெள்ளையும் வாயில் கரைவதால் ஒயினுக்கு இடம் கிடைக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அந்த மலிவான ‘போர்ட்’.

8. அன்று மாலை

மணி 4: வெள்ளை, ரோஸே, நுரை, இனிப்பு எல்லாம் ஃபிரிட்ஜில் இருக்கின்றனவா பாருங்கள். 5: கறி அடுப்பில். 6:45: சிவப்பை வெளியே எடுங்கள். 7: வண்டிச் சாவிகளை வாங்கி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். இதை வந்தவுடன் செய்துவிட வேண்டும். “அண்ணாச்சி, சாவியை இதுல போட்டிருங்க, போகும்போது ஆட்டோ சொல்லியிருக்கு” என்று முதலிலேயே சொன்னால் யாருக்கும் வருத்தம் இல்லை. இரண்டு கிளாஸ் உள்ளே போனபிறகு கேட்டால் கௌரவப் பிரச்சினையாகிவிடும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. நான்கு ஊற்றில் பலருக்கு அந்த அளவு தாண்டிவிடும். ஆட்டோவுக்கு ஆகும் செலவை ஒயின் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

7:30க்கு முதல் ஊற்று. யாரும் வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம், பனங்கிழங்கு முதலில் கைக்கு வரட்டும்.

ருசி பார்க்கும் முறை: கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறம் பாருங்கள். அசைக்காமல் ஒருதரம் மோந்து, இரண்டு சுழற்றுச் சுழற்றி மறுபடி மோந்து பாருங்கள். ஒரு மிடறை வாய் முழுக்கப் பரப்பி ஐந்து நொடி வைத்திருங்கள். பிறகு ஒரு வாய் சாப்பாடு. வாயில் சாப்பாட்டின் ருசி இருக்கும்போதே இன்னொரு மிடறு. முதல் மிடறுக்கும் இந்த மிடறுக்கும் என்ன மாறியது என்பதுதான் கேள்வி. இனிப்பு ஏறியதா, புளிப்பு இறங்கியதா, காரம் எரிந்ததா?

ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் என்று பார்க்காத பழங்களின் பெயரைச் சொல்ல வேண்டாம். கொய்யா, பனம்பழம், இலந்தை, நாவல், மழை பெய்த செம்மண், ஊறவைத்த கொண்டைக்கடலை, எது தோன்றுகிறதோ அதைச் சொல்லட்டும். தாளில் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. இல்லையென்றால் முதலில் பேசியவர் சொன்னதே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தட்டுக்கு இரண்டு ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுவது மிக நல்ல பாடம். ஆட்டுக்கறியோடு ஷிராஸையும் செனின் பிளாங்கையும் 30 மி.லி. வீதம் கொடுங்கள். கறியில் காரம் கூடிவிட்ட வீட்டில் செனின் பிளாங்க்தான் ஜெயிக்கும். அதை நாக்கே சொன்னபிறகு ‘கறிக்குச் சிவப்பு’ என்ற விதியை யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டார்கள்.

சின்னச் சின்ன ஊற்றாக ஊற்றுங்கள், பாட்டில் வாளியிலோ ஃபிரிட்ஜிலோ இருக்கட்டும். மேசைமேல் கால் மணி நேரம் நின்ற வெள்ளை ஒயின் நம் ஊரில் வேறு ஒயின்.

9. பாட்டில் கெட்டதா என்று எப்படித் தெரியும்

நனைந்த சாக்கு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டது. காற்றாட வைத்தாலும் போகாது. வேகவைத்த பழமும் கருகிய சர்க்கரையுமாக இருந்தால் சூட்டில் வெந்தது. காடி நெடி, அல்லது வெள்ளையில் பழுப்பு என்றால் காற்று புகுந்தது. மூன்றும் உடம்புக்குத் தீங்கில்லை, ருசிக்குத்தான் கேடு. திறந்தவுடன் தீக்குச்சி வாசம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், கிளாஸில் ஐந்து நிமிடம் சுழற்றினால் பறந்துவிடும்.

ஊற்றும்முன் வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு மிடறு பார்த்துவிட வேண்டும். எட்டுக் கிளாஸிலும் ஊற்றியபிறகு கண்டுபிடித்தால் எட்டையும் கழுவ வேண்டும்.

10. மிச்சம்

மீதி ஒயினை அன்றிரவே மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பானாலும். வெள்ளையும் சிவப்பும் மூன்று நாள் தாங்கும், நுரை ஒயின் மறுநாள் வரை, இனிப்பு ஒயின் ஒரு வாரம். கால் பாட்டில்தான் மிச்சம் என்றால் அதைச் சின்னச் சோடா பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் கூடுதலாக ஒருநாள் நிற்கும். அதன்மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் மேல்தட்டில்.

கிளாஸ்களை இரவே தண்ணீரில் முக்கிவிட்டு, கழுவுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். அரைத்தூக்கத்தில் கழுவும்போதுதான் தண்டு ஒடிந்து கையைக் கிழிக்கும். காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். கடையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கியிருந்தால், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். மற்றவற்றைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். ருசிக் குறிப்புத் தாள்களைச் சேர்த்து, எந்தத் தட்டுக்கு எந்த ஒயின் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி, ரசீதையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த மார்கழியில் கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனால் போதும்.